மனம் தேறட்டும், பிறகு நடக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடிப் போர்ஷனில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகளுடன் இருக்கிறேன். பல வருஷமாகத் தினமும் காலையில் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து மெரினாவில் நடப்போம். போன வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது நின்றது. டிசம்பரில் பீச்சைத் திறந்தபோது மறுபடி ஆரம்பித்தோம். இந்த ஏப்ரலில் திரும்பவும் மூடிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் எனக்கும் கணவருக்கும் கொரோனா வந்து, வீட்டிலேயே தனிமையில் இருந்து தேறினோம். எனக்குச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். மே மாதம் எங்கள் நால்வரில் ஒருத்தி கொரோனாவில் போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இப்போது ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. எதற்கென்றே தெரியாமல் அழுகை வருகிறது, மகள்மேல் எரிந்து விழுகிறேன். சில நாள், இப்படியே தூங்கிப்போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. உடற்பயிற்சி செய்தால் டிப்ரஷன் போய்விடும் என்று மகள் வீடியோ காட்டுகிறாள். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்கிறார் கணவர். காலை நடைக்கு பீச்சைத் திறந்துவிட்டார்கள். ஆனால் எனக்குப் போகவே பிடிக்கவில்லை. எனக்கு வந்திருப்பது நோயா, சோம்பேறித்தனமா? நடந்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா? 74 வயது மாமியாரும் கோயிலுக்குப் போவது நின்றதிலிருந்து படுத்தே கிடக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது, மறதி அதிகமாகிவிட்டது. அவருக்கு என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-5
ஜூலை 2021

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். "இப்படியே தூங்கிப்போய்விட்டால் நன்றாக இருக்குமே." இது அலுப்பில் வரும் நினைப்பாக மட்டும் இருக்கலாம். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து என்னிடம் வந்த பலர் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த நினைப்பு ஒரு அடி முன்னே போய், உயிரை விட்டுவிடலாம், இப்படிச் செய்யலாம் என்று யோசனை ஓட ஆரம்பித்தால், அந்த நிமிடமே கணவரையோ மகளையோ எழுப்பிச் சொல்லிவிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். அரசின் 104 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. வீட்டில் மீந்துபோன மாத்திரைகள் இருந்தால் கணவரிடம் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏதோ பெரிய ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று முடிவுகட்டி இதை எழுதவில்லை. தூக்கம் போய், அழுகை வருகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது இதைத்தான்.

இனி நோயா, சோம்பேறித்தனமா என்ற கேள்வி. சோம்பேறி தன்னைப் பற்றி இப்படிக் கடிதம் எழுத மாட்டார். வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்து, நோயிலிருந்து எழுந்து, மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு அந்தச் சொல்லை யார் சூட்டியிருந்தாலும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். நீங்கள் விவரித்திருப்பது மனச்சோர்வு நோயோடும் பதற்றத்தோடும் பெரிதும் ஒத்துப்போகிறது. அதோடு தோழியை இழந்த துக்கமும் கலந்திருக்கிறது. இந்த ஆண்டு ஏப்ரலில் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு ஒன்றில், கொரோனாவிலிருந்து மீண்ட 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனம் சார்ந்த ஏதோ ஒரு பாதிப்பு பதிவாகியிருந்தது. இந்த வரிசையில் நீங்கள் தனியாக நிற்கவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. படபடப்பு, தூக்கமின்மை, அசதி இவை மூன்றும் ரத்தசோகையிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும். ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும். அந்த மாத்திரையே தூக்கத்தையும் மனநிலையையும் சில காலம் குலைக்கும். உங்கள் வயதில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் பெண்களுக்கு இரவில் வியர்ப்பதும், நெஞ்சு அடித்துக்கொள்வதும், காரணமில்லாத எரிச்சலும் சகஜம். ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஈசிஜியும் முதலில் எடுத்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கு மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தாலும், தலை சுற்றிக் கண் இருட்டினாலும், கால் ஒன்று மட்டும் வீங்கினாலும் நடைப்பயிற்சிப் பேச்சையே தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, நடந்தால் சரியாகுமா?

மகள் காட்டும் வீடியோக்களில் எண்டார்பின் என்ற சொல் நிச்சயம் வந்திருக்கும். வலியைக் குறைத்து இதமான உணர்வைத் தருவதாகச் சொல்லப்படும், உடம்பே சுரக்கும் ஒரு பொருள் அது. உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தில் எண்டார்பின் கூடுவது உண்மை. ஆனால் ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடாது. ஆகவே அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. மூளை நரம்புகளைப் பேணி வளர்க்கும் புரதங்கள், மன அழுத்த ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம், தூக்கத்தின் ஆழம் என்று பல வழிகளில் உடலசைவு வேலை செய்கிறது. வழி எதுவானாலும் பலன் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோய் கொண்ட 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிடம் முன்னேற்றம் வேகமாகத் தொடங்கியது. உடற்பயிற்சி செய்தவர்களோ தனியாகச் செய்யவில்லை. வாரம் மூன்று நாள் ஓரிடத்தில் கூடி, மேற்பார்வையாளர் முன்னிலையில், குழுவாகச் செய்தார்கள். அப்படி ஒன்றுகூடியதற்கும் பலனில் பங்கு இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் மெரினா நடையில் என்னவெல்லாம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கால் நடந்தது என்பது அதில் ஒரு பகுதிதான். விடியற்காலை வெளிச்சம் கண்ணில் பட்டது. உள்ளே ட்யூப்லைட் போட்டால் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். கடற்கரையில் காலைச் சூரியன் பல ஆயிரம் லக்ஸ் கொடுக்கும். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான், இரவு எத்தனை மணிக்குத் தூக்கத்தை வரவழைப்பது என்று கணக்குப் போடுகிறது. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய போர்ஷனுக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் அந்தக் கடிகாரம் பின்தங்கும். ராத்திரி மூன்று மணிவரை விழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு, மூன்று தோழிகள் இருந்தார்கள். மாமியார் மருமகள் கதை, பிள்ளைகளின் மார்க், கேஸ் விலை எல்லாம் பேசி இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்பினீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளில் உங்களை யாரும் கூப்பிடாத ஒரே ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஊரடங்கு வந்தபோது நின்றுபோனது ஒரு பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உங்களுக்கு நின்றுபோனவை வெளிச்சமும், துணையும், உங்களுக்கென்று இருந்த நேரமும், உடம்பின் ஓட்டமும். நான்கும் ஒரே நாளில் நின்றன.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று கேட்கும் உங்கள் கணவருக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. குனிந்து பெருக்குவதும், துணி துவைப்பதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும் உடம்புக்குக் கணக்கில் வரும். ஆனால் மனநலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், விருப்பப்பட்டு ஓய்வு நேரத்தில் செய்யும் உடலசைவுக்கும் நல்ல மனநிலைக்கும் தொடர்பு தெரிகிறது. வீட்டு வேலைக்கு அப்படித் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் வீட்டிலேயே இருந்த இந்த ஒன்றரை வருஷத்தில் பெண்களின் வேலை மூன்று வேளைச் சாப்பாட்டிலிருந்து ஐந்து வேளையாகியிருக்கிறது. அவர்களுக்கு நடையும் நின்று, தனி நேரமும் போய், மேலே வேலையும் கூடியது. அதை உடற்பயிற்சி என்று சொல்லி ஆறுதல்படுத்துவது நியாயமில்லை. கணவரிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை காபி போடுவதும், அம்மாவைக் கவனிப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும். உங்களுக்கு நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் இதையும் ஒரு மருந்தாகவே எழுதுகிறேன்.

இப்போது உங்களை மிகவும் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாடிப்படி.

பழைய திருவல்லிக்கேணி வீட்டுப் படிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குறுகலாக, செங்குத்தாக, திருப்பத்தில் வெளிச்சமில்லாமல் இருக்கும். முன்பு அதில் ஒரு நாளைக்குப் பல தடவை ஏறி இறங்கியிருப்பீர்கள், ஏறுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். ஊரடங்கில் காய்கறி வாசலுக்கே வந்தது, படியிறங்கும் தேவை குறைந்தது. நோயில் படுத்த நாட்களில் தொடைத் தசை இன்னும் மெலிந்தது. மெலிந்த தசையோடு அதே படியை ஏறினால் இதயம் கூடுதலாக அடிக்கத்தான் செய்யும். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் உங்கள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தபடி எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பீர்கள்! ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இரவே இல்லாத நாட்கள் அவை. நெஞ்சு அடித்துக்கொண்டால் ஆபத்து என்று அப்போது உடம்பு ஒரு பாடம் படித்துக்கொண்டது. இன்றைக்குப் படியேறும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுத்ததும் அந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது. பயம் வருகிறது. பயம் வந்ததும் அட்ரீனலின் சுரந்து இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. நீங்கள் ஓடிப்போய்க் கட்டிலில் உட்காருகிறீர்கள், அடங்குகிறது. உட்கார்ந்ததால்தான் தப்பித்தோம் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. அடுத்த முறை படியேறவே தயங்குகிறீர்கள். ஏறாமல் இருக்க இருக்க தசை மெலிகிறது, அடுத்த முறை இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது.

ஈசிஜியும் ரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகு, இதை இந்தப் படியிலேயே வைத்துச் சரிசெய்யலாம். மகளைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். முதல் திருப்பம் வரை மெதுவாக ஏறி, அங்கேயே நில்லுங்கள். உள்ளே ஓட வேண்டாம், உட்கார வேண்டாம், ஆக்ஸிமீட்டரையும் எடுக்க வேண்டாம். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று கவனியுங்கள். வேகம் உச்சிக்கு ஏறும், சிறிது நேரம் அங்கேயே நிற்கும், பிறகு நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இறங்கும். இறங்கிய பிறகு மீதிப் படியை ஏறுங்கள். இதைத் தினமும் செய்யுங்கள். ஒன்றும் ஆகாது என்று நான் இங்கிருந்து எத்தனை தடவை எழுதினாலும் உங்கள் மனம் நம்பாது. நின்று பார்த்து உடம்பே அதைக் கண்டுகொள்ள வேண்டும். பதற்றத்துக்கு உடற்பயிற்சி செய்யும் உதவிகளில் இதைத்தான் நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். ஆனால் இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

ஆக்ஸிமீட்டரை ஒரே ஒரு முறை உபயோகித்துவிட்டுப் பரணில் வைத்துவிடலாம். நடை தொடங்கும் முன் அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்து பாருங்கள். எண் 94க்குக் கீழே போனாலோ, ஆரம்பித்ததைவிட மூன்றுக்கு மேல் குறைந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் தொடங்கலாம்.

எவ்வளவு நடப்பது? உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு என்று சொல்லியிருக்கிறது. அந்த எண்ணை இப்போது பார்க்கவே வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவரிடம் பெரிய எண்ணைக் கொடுத்தால் முதல் நாளே தோற்றுப்போய்விட்டோம் என்று நினைப்பார். நார்வேயில் சுமார் 34,000 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்களுக்கே பின்னாளில் மனச்சோர்வு வருவது குறைவாக இருந்தது. மெதுவாகச் செய்தார்களா வேகமாகச் செய்தார்களா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. அதே ஆய்வில் பதற்ற நோய்க்கு இந்தப் பாதுகாப்பு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் என்றால் தினம் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, அதையும் இப்போது எடுத்துவிட்டார்கள்.

ஆகவே முதல் வாரம் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், மொட்டை மாடியில். ஏழு ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். இந்த மாதத்திலும் ஒன்பது மணிக்குச் சிமெண்ட் தரை சுட ஆரம்பித்துவிடும். மாலையில் கடற்காற்று வந்தபின் போங்கள், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது வாய்விட்டு ஒரு பாட்டுப் பாட முடிகிற வேகம் போதும். மறுநாள் எழுந்தால் வழக்கத்தைவிட அடித்துப்போட்டாற்போல் இருந்தால் நடையைப் பாதியாகக் குறையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு, செய்த அன்று ஒன்றும் தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு சுருண்டுவிடுகிறது. அவர்கள் வீம்புக்கு நடந்தால் இன்னும் மோசமாகும். அப்படி இல்லையென்றால் வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டுங்கள். பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்ற வேகம் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தால் போதும்.

"போகவே பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காமல் போவது இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. பிடிக்கும்வரை காத்திருந்தால் அந்த நாள் தானாக வராது. மனநல சிகிச்சையில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறோம். முதலில் செய்கை, அதற்குப் பின்னால் விருப்பம். எழுந்ததும் பிடிக்கிறதா என்று மனதைக் கேட்காதீர்கள். இரவே செருப்பையும் மாஸ்க்கையும் மாடிக்கதவுச் சாவியையும் ஒரே இடத்தில் வையுங்கள். நடந்துவிட்டு வந்த பிறகு, நடக்குமுன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் நாள்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். மனச்சோர்வு ஞாபகத்தையும் கறுப்பாக்கிவிடும். நன்றாக இருந்த பத்து நிமிடத்தை ராத்திரிக்குள் மறந்துபோகும்படி செய்துவிடும். எழுதி வைத்தது இருந்தால் அதனோடு வாதாட முடியும்.

மெரினாவுக்கு நீங்கள் போகாமல் இருப்பதற்கு விருப்பமின்மை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் தோழி இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, எண்ணி நான்கைந்து பேர் நின்று, அவசர அவசரமாக அனுப்பி வைத்த அந்த மாதத்துச் சாவுகளுக்கு இந்த ஊரில் யாரும் உட்கார்ந்து அழவில்லை. பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று நம் வழக்கத்தில் இருந்த எல்லாமே, துக்கத்தை நாலு பேரோடு பங்குபோட்டுக்கொள்ள ஏற்பட்டவை. அவை எதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மற்ற இரண்டு தோழிகளுக்கும் போன் போடுங்கள். அவர்களும் உங்களைப் போலவே, யார் முதலில் கூப்பிடுவது என்று தயங்கிக்கொண்டிருக்கக்கூடும். பழைய இடத்தில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வழக்கமாகக் கண்ணகி சிலைப் பக்கம் கூடுவீர்கள் என்றால் இப்போது கலங்கரை விளக்கம் பக்கம் போங்கள். அதுவும் முடியாதென்றால் கொஞ்ச நாள் பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றி நடங்கள். மூன்று பேரும் இடைவெளிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு நடக்கலாம். அவளைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வந்தால் நின்று அழுதுவிட்டு நடங்கள். பேச்சை மாற்றி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள முயல வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், நடை மட்டும் போதும் என்று நான் எழுத மாட்டேன். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, அழுகை, வாழ்க்கைமேல் அலுப்பு என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை தேவை என்று அவர் சொன்னால் சாப்பிடுங்கள். இந்த வகை மாத்திரைகள் அடிமையாக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மனச்சோர்வுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பவை போதை தருபவை அல்ல. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நிற்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு மாத்திரைதான் நடப்பதற்கே தெம்பு தருகிறது. மாத்திரையா நடையா என்று போட்டி வைக்க வேண்டியதில்லை.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே ஒரு வசவாக மாற்றி வைத்திருக்கும் நகரம் இது. 1794இல் தொடங்கிய அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைக்கும், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் தினமும் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அரசு மருத்துவமனையில் பணமும் வாங்குவதில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில் மாதங்களை வீணாக்கிவிட்டு, நோய் முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

மாமியாரைப் பற்றி. 74 வயதில் படுக்கையில் கழியும் ஒவ்வொரு வாரமும் தசையைக் கரைத்துவிடும். கோயிலுக்கு நடந்து போய், கூட்டத்தில் நின்று, தெரிந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசித் திரும்புவதுதான் அவருடைய உடற்பயிற்சியும் உறவும். உங்களுக்கு மெரினா எப்படியோ அவருக்குச் சன்னதி அப்படி. பேச்சு குறைந்து மறதி கூடியிருப்பதை வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வராமல் மறதியாகவும் மௌனமாகவும் வருவதுண்டு. பி12 குறைவிலும், தைராய்டிலும், காது மந்தமானாலும் இதே தோற்றம் இருக்கும். மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் நான்கு விஷயங்களையும் சரிசெய்ய வழி இருக்கிறது.

நடை அவருக்கும் உதவும். 2011இல் வெளியான கிர்க் எரிக்சன் குழுவின் ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு பாதியினரை வாரம் மூன்று நாள், படிப்படியாகக் கூட்டி 40 நிமிடம் வரை, ஓர் ஆண்டு நடக்க வைத்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் அளவு அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் உங்கள் மாமியாரை நேராக நடக்க வைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் படுத்திருந்தவர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். முதலில் சுவரோரம் ஒரு கெட்டியான நாற்காலியைப் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. அது சுலபமானபின் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அதன்பிறகு வராந்தா, அதன்பிறகு படி. இந்த மாதம் கோயில்களைத் திறந்துவிட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தால், கூட்டமில்லாத வேளை பார்த்து ஒருநாள் மகள் கையைப் பிடித்து அழைத்துப்போகட்டும். பாட்டிக்கும் பேத்திக்கும் இருவருக்குமே அது தேவை. நாள் முழுக்க ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் அன்றே நீங்களும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒருநாள் ஒதுக்கச் சொன்னால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இரண்டு பேரும் வெறும் வயிற்றில் போங்கள். அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அன்று காலை போடாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி ஏதாவது சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம்.